வெள்ளைப் புடவையா? நைட்டியா?

(பட்டிமன்றத் தலைப்பு: பேய்ப்படத்தில் நம்மை நடுங்க வைப்பது கதையா, வேஷமா? ‘வேஷமே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவர், மறைமலைநகரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை.)

நடுவர் அவர்களுக்கும், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தைரியசாலிகளுக்கும், எதிரே உட்கார்ந்துகொண்டு ‘கதை, கதை’ன்னு கதை விட்டுக்கொண்டிருக்கிற நண்பர்களுக்கும், வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் இருக்கிற தாய்மார்களுக்கும் என் வணக்கம். (சிரிப்பு)

எனக்கு ஊர் மறைமலைநகர். வேதாசலம் என்கிற தன் பெயரையே மறைமலை என்று தமிழாக்கி வைத்துக்கொண்டாரே, அந்தத் தனித்தமிழ்ப் பெரியவர் பெயரில் இருக்கிற ஊர். அந்த ஊரில் நான் தமிழ் டீச்சர். (சிரிப்பு) பாருங்க, ‘தமிழ் டீச்சர்’னு சொன்னதுக்கே சிரிக்கிறீங்க. இனிமேல்தான் மேக்கப், காஸ்ட்யூம், பிராப்பர்ட்டின்னு பேசப் போறேன். அடிகளார் என்னை மன்னிக்கணும்.

நடுவர்: பிராப்பர்ட்டின்னா என்னம்மா? நிலம் நீச்சா?

இல்லைங்க ஐயா. சினிமாக்காரங்க பாஷையில், நடிக்கிறவங்க கையில் எடுக்கிற சாமானும் பிராப்பர்ட்டி, பின்னால் சும்மா கிடக்கிற சாமானும் பிராப்பர்ட்டி. எங்களுக்கு நிலம்தான் இல்லையே தவிர, அந்தப் பிராப்பர்ட்டி பரண் நிறைய இருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் ஒரு தம்பி, ‘ஊமை விழிகள்’ படத்தைச் சொன்னார். நல்ல படம். 1986-ல் திரைப்படக் கல்லூரியில் படித்து வெளியே வந்த பையன்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்த்ராஜ் டைரக்‌ஷன். ‘கதைதான் பயமுறுத்தியது’ என்றார் தம்பி. தம்பி, உங்களைக் கேட்கிறேன். அந்தப் படத்தின் கதையை இப்போ வரிசையாகச் சொல்லுங்க பார்ப்போம்? முடியாது. ஆனால் அதில் வருகிற அந்தக் கிழவியை மறக்க முடியுமா? எங்க தெருவில் இன்னிக்கும் ஒரு பாட்டி கொஞ்சம் முறைச்சுப் பார்த்தால், ‘ஊமை விழிகள் கிழவி மாதிரி’ என்கிறான், அந்தப் படம் வந்தபோது பிறக்காத பயல்! (கைதட்டல்)

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. போன வருஷம் என் வீட்டிலேயே ஒரு பேய்ப்படம் எடுத்தாங்க. என் பெண் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். ஆளுக்கு ஆள் ஒரு குறும்படம் எடுக்கணும் என்பது படிப்பில் ஒரு பகுதி. இவள் குழுவில் ஏழு பேர். மொத்த பட்ஜெட் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதில் நாலாயிரம் கேமரா வாடகைக்கும் லைட்டுக்கும் போயாச்சு. மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறில் உடை, மேக்கப், சாமான், ஏழு பேருக்குப் பரோட்டா. (சிரிப்பு) பரோட்டாவுக்கே ஆயிரத்துச் சொச்சம் ஆச்சுங்க!

ஆக, பேய்க்குச் செலவழிக்கக் காசு இல்லை. பேய் எங்க வீட்டு பீரோவிலிருந்துதான் வரணும்.

என் மாமியார் எங்களோடுதான் இருக்காங்க. பிள்ளைகள் ‘ஆயா’ன்னு கூப்பிடும். எங்க பக்கம் அப்படித்தான். மாமனார் தவறி நாற்பத்தொரு வருஷம் ஆச்சு. அன்னிலேர்ந்து அத்தை வெள்ளைப் புடவைதான். கலர் கட்டுங்க அத்தைன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ‘பழகிடுச்சும்மா’ என்பாங்க. என் பெண் ஒருநாள் போய், ‘ஆயா, உன் பழைய புடவை ஒண்ணு குடேன், ஷூட்டிங்குக்கு’ன்னு கேட்டாள். எதுக்குன்னு கூட அத்தை கேட்கலை. துவைச்சு மடிச்சு வச்சிருந்ததில் நல்லதாகவே ஒண்ணை எடுத்துக் கொடுத்தாங்க.

ராத்திரி பதினோரு மணிக்கு மேக்கப் ஆரம்பம். ஒரு பெண் பிள்ளையை உட்கார வச்சு, முகம் முழுக்கப் பவுடர், கண்ணைச் சுத்தி மை, தலையை விரிச்சுப் போட்டு, வாயோரம் ரத்தம். அந்த ரத்தம் இருக்கே, அது தனிக் கதை. முதலில் குங்குமத்தைத் தண்ணியில் கரைச்சாங்க. கேமராவில் பார்த்தால் ஆரஞ்சு ஜூஸ். அப்புறம் ஆரத்தித் தண்ணி, அதான் மஞ்சளும் சுண்ணாம்பும். நிறம் அருமை. ஆனால் நிற்காமல் ஓடுது. போதாக்குறைக்கு அது சுண்ணாம்பு, கண்ணில் பட்டால் என்ன ஆகிறது? நான் கொட்டச் சொல்லிட்டேன். கடைசியில் கெட்டியாகச் சர்க்கரைப் பாகு காய்ச்சி, கேசரிப் பவுடர் போட்டு, ‘நிஜ ரத்தம் நேரமாக ஆகக் கறுக்கும்டி’ன்னு நான் சொன்னதால் கொஞ்சம் காபி டிகாஷன் விட்டாங்க. அசல் ரத்தம் தோத்துப் போச்சு. ஆனால் ஒரு மணி நேரத்தில் பேய் குதிக்க ஆரம்பிச்சுது. நடிப்புன்னு நினைச்சுக் கைதட்டினோம். எறும்புங்க! (பலத்த சிரிப்பு)

நடுவர்: ரத்தம் குடிக்கிற பேயைப் பார்த்திருக்கோம், எறும்பு குடிக்கிற பேயை இப்பதான் கேள்விப்படறோம்.

ஆமாங்க ஐயா. காலையில் மூணு மணி. எல்லாருக்கும் களைப்பு. வேஷத்தைக் கலைக்காமலே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீக்கடைக்குப் போனோம். வெள்ளைப் புடவை, விரிச்ச தலை, வாயில் ரத்தம், நேரே போய்க் கடை முன்னால் நிக்குது பேய். லாரி டிரைவர்கள் நாலு பேர், ஷிஃப்ட் முடிஞ்சு வந்த கம்பெனித் தொழிலாளிகள் இரண்டு பேர். ஒருத்தராவது அலறணுமே? டீ மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ‘எந்தக் காலேஜும்மா? சர்க்கரை தூக்கலா, கம்மியா?’ (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் எழுந்திருக்கிறார். ‘பார்த்தீர்களா, வேஷம் பலிக்கவில்லை’ என்று சொல்லப் போகிறார். உட்காருங்க ஐயா, நான் இன்னும் முடிக்கலை. பலிக்காதது வேஷம் இல்லை. அது தப்பான வேஷம். எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்துச் சலித்த வேஷம். 1966-ல் ‘யார் நீ’ படத்தில் ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் வந்தபோது அது புதுசு. அதற்கு மூலமான இந்திப் படம் ‘வோ கௌன் தீ’ 1964-ல் வந்தபோது அதைவிடப் புதுசு. கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் கால பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேணும். இருட்டில் ஒரு உருவம் தெரியணும்னா வெள்ளைத் துணிதான் வசதி. கேமராமேனுக்கு ஒத்தாசையாக இருந்த புடவை அது. அப்புறம் கலர் வந்து, டிஜிட்டல் வந்து, செல்போனிலேயே படம் எடுக்கிற காலம் வந்தும், பேய் மட்டும் புடவையை மாத்தலை! (சிரிப்பு) இப்போ இருக்கிற கேமராவில் பளிச் வெள்ளை மேல் லைட் அடிச்சால் மடிப்பு, நூல் எதுவும் தெரியாமல் ஒரே வெளுப்பாகப் போயிடும். டீத்தூள் டிகாஷனில் ஒரு முக்கு முக்கி எடுத்தால்தான் துணி துணியாகத் தெரியும். இது என் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்றேன். அதுக்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்ததே.

தோட்டத்துக் கல்லில் அத்தை புடவையை அலசிக்கிட்டு இருந்தாங்க. சாயக்கறை போகலை. என் பெண் தூங்கி எழுந்து வந்து, ‘விடு ஆயா, இன்னிக்கு ராத்திரியும் பேய்க்கு அதுதான் டிரஸ்’ என்றாள். அத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாங்க: ‘பேய்க்கா கண்ணு கேட்டே?’

அவ்வளவுதான். திட்டலை, அழலை. பிழிஞ்சு கொடியில் போட்டுட்டு அத்தையே சொன்னாங்க: ‘இந்தத் துணியைப் பார்த்தால் ஜனங்க பயப்படும்னு எனக்குத் தெரியும்டி. நீ சின்னப் பொண்ணு, பார்த்திருக்க மாட்டே. எங்க ஊர்ல யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது நான் எதிரே வந்துட்டா, திரும்ப வீட்டுக்குள்ளே போய்த் தண்ணி குடிச்சுட்டுத்தான் வருவாங்க. என் சொந்தத் தங்கச்சி பொண்ணு கல்யாணத்தில் நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரலை. மேக்கப் எதுவும் போடாமலே பயந்தாங்க.’

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, என் பெண் அன்னிக்கு முழுக்கச் சாப்பிடலை. நானும் யோசிச்சேன். ‘ரிங்’ என்று 1998-ல் ஒரு ஜப்பான் படம் வந்தது. வெள்ளை உடை, முகத்தை மூடின கறுத்த தலைமுடி. உலகமே பயந்தது. அந்த ஊரிலும் பேய்க்கு வெள்ளைதான். ஆனால் காரணம் வேற. ஜப்பானில் இறந்தவர்களுக்கு வெள்ளை உடுத்தி அனுப்புவது வழக்கம். அதனால் பேய் அந்த உடையில் வருது. அது செத்தவங்க துணி. நம்ம ஊரில்? உயிரோட இருக்கிற ஒரு மனுஷிக்கு நாமே கட்டிவிட்ட துணி அது. அவள் பொங்குகிறாள், துவைக்கிறாள், பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறாள். அந்தத் துணியை நாம் பேய்க்கு யூனிஃபார்ம் ஆக்கிவிட்டோம். (நீண்ட கைதட்டல்)

சாயங்காலம் ஏழு பேரும் கூடினாங்க. ‘வெள்ளைப் புடவை வேண்டாம்’னு என் பெண் சொன்னாள். சரி, அப்போ பேய்க்கு என்ன உடுத்துறது? ஒருத்தன் கவுன் என்றான், ஒருத்தி கல்யாணப் பட்டு என்றாள். அப்பதான் அத்தை வந்து உட்கார்ந்தாங்க. அவங்களுக்கு மதுராந்தகம் பக்கம் ஊர். சின்ன வயசிலேர்ந்து திரௌபதி அம்மன் கோயில் கூத்துப் பார்த்தவங்க. ‘நீங்க பயமுறுத்தறதுக்கு இருட்டைத் தேடறீங்க. எங்க ஊர்ல பட்டப்பகல்ல பயமுறுத்துவாங்க’ன்னு ஆரம்பிச்சாங்க.

பாரதக் கூத்தின் கடைசிநாள் படுகளம் பார்த்தவங்க இங்கே இருப்பீங்க. மண்ணாலே துரியோதனனைப் படுத்த வாக்கில் பெரிசாகச் செஞ்சிருப்பாங்க. தொடையில் செந்நீரை மறைச்சு வச்சிருப்பாங்க. பீமன் வேஷக்காரர் கதையால் அந்தத் தொடையில் ஒரு போடு போட்டதும் ரத்தம் பொங்கும். அதை எடுத்துப் பாஞ்சாலி கூந்தலில் தடவி முடிவாங்க. எல்லாருக்கும் தெரியும் அது மண்ணுன்னு. அந்தத் தெருக்காரங்களே செஞ்ச மண். ஆனாலும் உடம்பு சிலிர்க்கும், பெண்கள் அழுவாங்க. சினிமா பிறக்கிறதுக்கு முன்னாலேயே ‘ஸ்பெஷல் எஃபெக்ட்’ செஞ்ச ஊருங்க நம்ம ஊரு!

அத்தை சொன்ன இன்னொரு விஷயம் முகத்தைப் பற்றி. கூத்துக்காரங்க அந்தக் காலத்தில் முகத்துக்கு அரிதாரம் பூசுவாங்க. அந்த மஞ்சள் கல் இருக்கே, அதில் இருக்கிறது ஆர்சனிக், விஷம். தெரியாமலே பூசிக்கிட்டாங்க. நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க குழுவில் ஒரு பையன், பிஞ்சுபோன தோல் மாதிரி காட்டணும்னு, மரம் ஒட்டுகிற பசையில் டிஷ்யூ பேப்பரை நனைச்சு அந்தப் பெண் கன்னத்தில் ஒட்டிட்டான். தோல் அசலாகவே பிஞ்சு போச்சு. தேங்காயெண்ணெய் தடவி, அரை மணி நேரம் ஊற வச்சு எடுத்தோம். பெற்றவங்களே, உங்க பிள்ளைகள் இப்படிப் படம் எடுத்தால் ஒண்ணு மட்டும் செய்யுங்க. முகத்தில் எதைப் போடறதாக இருந்தாலும், முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. அரிச்சால் அது வேண்டாம். கத்தி, அரிவாள் நிஜம் வேண்டாம்; அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினால் கேமராவுக்குப் போதும்.

நம்ம மாமல்லபுரத்துக்குப் போயிருப்பீங்க. எங்க ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மகிஷாசுரமர்த்தினி குகையில் அந்த அசுரனை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. 1300 வருஷத்துக்கு முந்தின பல்லவர் வேலை. உடம்பு முழுக்க மனுஷன். திடகாத்திரமான ராஜா மாதிரி கதையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். தலை மட்டும் எருமை. கோரைப்பல் இல்லை, ரத்தம் ஒழுகலை. சிற்பி மாத்தினது ஒண்ணே ஒண்ணு. நானும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கிட்டுப் போய், வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, எண்ணிக் கூட்டிக்கிட்டு வருவேனே தவிர, இதைக் கவனிச்சதில்லை. என் பெண்தான் போட்டோவில் காட்டினாள்.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 1978-ல் ‘ஹாலோவீன்’னு ஒரு படம். சுமார் மூணு லட்சம் டாலரில் எடுத்தது, அவங்க கணக்குக்கு அது பரோட்டா காசு. கொலைகாரனுக்கு முகமூடி வேணும். கடையில் போய் இரண்டு டாலர்கூட ஆகாத ஒரு ரப்பர் முகமூடி வாங்கினாங்க. அது ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் வருகிற கேப்டன் கிர்க் முகம், குழந்தைகளுக்குப் பிடிச்ச கதாநாயகன்! கண் ஓட்டையைப் பெரிசாக்கி, தலைமுடியை மாத்தி, வெள்ளை பெயின்ட் அடிச்சாங்க. அவ்வளவுதான், உலகம் நடுங்கிச்சு. அதுக்கு முன்னால் 1960-ல் ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் குளியலறைத் தண்ணியில் ஓடுச்சே ரத்தம், அது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியும்? அங்கே எறும்பு வந்ததாகத் தகவல் இல்லை. (சிரிப்பு)

விஷயத்துக்கு வர்றேன். ‘பழகின ஒண்ணை எடுத்து, கொஞ்சமே கொஞ்சம் மாத்து’ என்று பிள்ளைகள் தீர்மானிச்சாங்க. நம்ம ஊர் வீட்டில் எல்லாருக்கும் பழகின உடுப்பு எது? சொல்லுங்க தாய்மார்களே!

(கூட்டத்திலிருந்து: நைட்டி!)

நைட்டியேதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) என்னுடைய பழைய நைட்டி. ஊதாப்பூ போட்டது. தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. தலை ஒழுங்காகப் பின்னி, நெற்றியில் பொட்டு. முகத்தில் பவுடர் ஒரு துளி இல்லை, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. இரண்டே மாற்றம். துண்டு எப்பவும் சொட்டச் சொட்ட ஈரம். பொட்டு நெற்றி நடுவில் இல்லாமல் ஒரு விரற்கடை தள்ளி. கதைப்படி அவள் குளத்துக்குத் துணி துவைக்கப் போய்த் திரும்பாத அம்மா. கையில் வாளி. எங்க வீட்டுப் பச்சை பிளாஸ்டிக் வாளி, கைப்பிடி பிஞ்சு போய்க் கம்பி கட்டினது. பேய்ப்பொம்மை வேணும்னு ஒருத்தன் இங்கிலீஷ் பட பொம்மை தேடி அலைஞ்சான். நான் பரண்மேலிருந்து கொலு மரப்பாச்சியை எடுத்து, அதே ஊதாப்பூத் துணியில் ஒரு துண்டு கிழிச்சுச் சுத்திக் கொடுத்தேன். வாங்கினவன் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, ‘ஆன்ட்டி, இது என் பையில் வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க’ன்னான். (சிரிப்பு)

அந்தப் பொட்டுதான் எங்களைப் பாடாய்ப் படுத்திச்சு. ஒரு ஷாட்டில் இடப்பக்கம், அடுத்த ஷாட்டில் வலப்பக்கம். பேய்க்கே தலை சுத்திடும். அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் செல்போனில் படம் எடுத்து, துண்டு எந்தத் தோள், பொட்டு எந்தப் பக்கம்னு எழுதி வச்சாங்க. எழுதினது யார் தெரியுமா? நான். இருபத்தாறு வருஷம் வருகைப் பதிவேடு எழுதின கை! (கைதட்டல்)

இரண்டாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் ஷூட்டிங். லைட் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பெண் ஓரமாக, முதுகைக் காட்டிக்கிட்டு, வாளியோடு நிக்கிறாள். எங்க வீட்டுக்காரர், மனுஷன் பயம்னா என்னன்னு தெரியாதவர், தண்ணித் தொட்டி பார்க்க மேலே வந்தார். நான்தான் நிக்கறேன்னு நினைச்சு, ‘ஏம்மா, இன்னும் தூங்கலியா?’ன்னு கேட்டிருக்கார். அந்த உருவம் திரும்பிச்சு. முகம் என் முகம் இல்லை. துண்டிலிருந்து தண்ணி சொட்டுது. அவ்வளவுதாங்க! ‘ஆத்தா!’ன்னு ஒரு சத்தம். ஏழாம் படியிலிருந்து கீழே வரைக்கும் உட்கார்ந்தபடியே வந்துட்டார். (பலத்த சிரிப்பு) அடி ஒண்ணும் பெரிசா இல்லை. ஆனால் அதுக்கப்புறம் ஒரு மாசம், நான் நைட்டியில் நின்னால் முன்பக்கமாகச் சுத்தி வந்து முகத்தைப் பார்த்துட்டுத்தான் பேசுவார். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, எங்க வீட்டுக்காரருக்குக் கதை தெரியாது. ஒரு வரி சொல்லலை யாரும். அவரைப் படியில் உருட்டினது கதையா, நைட்டியா? (கைதட்டல்)

நடுவர்: மணி அடிச்சாச்சும்மா.

ஒரே நிமிஷம் ஐயா. படத்தைக் கல்லூரி அரங்கில் திரையிட்டாங்க. அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போனோம். பதினோரு நிமிஷப் படம். வாளிச் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் அலறினாங்க. அத்தை மட்டும் என் காதில், ‘ஏம்மா, அந்த நைட்டி இன்னும் நல்லாத்தானே இருக்கு, ஏன் கொடுத்தே?’ன்னாங்க. கடைசியில் பெயர்கள் ஓடுச்சு. ‘உடை, ஒப்பனை ஆலோசனை’ன்னு போட்டு அத்தையின் பெயர். தமிழில்தான் போட்டிருந்தாங்க. அத்தை இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவங்க, எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ளே அது மேலே போயிடுச்சு. என் பெண் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘கண்ணு, அந்தக் கடைசியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லேன்’னாங்க. போட்டாங்க. மூணு தடவை போட்டாங்க.

(நீண்ட கைதட்டல்)